கவிதைக்கு வாத்தியார் உண்டா? மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் கதை



இது போன பௌர்ணமி கிரிவலத்துல ஆரம்பிச்ச சண்டை. நாங்க அஞ்சு பேர். அக்னி லிங்கம் தாண்டினதும் பேச்சு எலெக்டிவ் பக்கம் போச்சு. படைப்பாற்றல், படைப்பெழுத்து மாதிரி ஏதாவது ஒரு பாடம் எடுத்துப் படிக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. அதைச் சொன்னதும் பக்கத்துல வந்த நண்பன் சிரிச்சுட்டான். திருவண்ணாமலையில பொறந்துட்டு இப்படிக் கேக்கலாமாடா, அருணகிரிநாதர் எந்த காலேஜ்ல படிச்சாருன்னு கேட்டான்.

கதை நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வாழ்க்கை வெறுத்துப்போய் கோபுரத்துல இருந்து குதிச்சவரை முருகன் தாங்கிப் பிடிச்சு, முதல் அடியும் எடுத்துக் கொடுத்து பாடச் சொன்னார்னு சொல்வாங்க. நம்ம ஊருக்குக் கவிதைன்னா வரம். வந்தா வரும், இல்லைன்னா வராது. சிலபஸ், இன்டர்னல் மார்க், அட்டெண்டன்ஸ் எல்லாம் வெச்சு அதை வரவழைக்க முடியுமா? அவன் கேட்டதுல நியாயம் இருக்குன்னுதான் எனக்கும் பட்டுச்சு. சுக்கு காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும் பதில் வரல.

பதில் கிடைச்சது அப்புறம்தான், ஒரு பழைய புத்தகத்துல. உ.வே.சாமிநாதையர் தன் ஆசிரியரைப் பத்தி 1933, 1934ல ரெண்டு பாகமா எழுதின வாழ்க்கை வரலாறு. நான் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். ஒரு பக்கத்துக்கு நாலு தடவையாவது போன்ல அகராதி திறக்க வேண்டியிருந்துச்சு. ஆனாலும் கீழ வைக்க முடியல. ஏன்னா அந்த ஆசிரியர் செஞ்ச வேலையே கவிதை எழுதக் கத்துக்கொடுக்கிறதுதான். சம்பளம் வாங்காம, பல நேரம் தன் வீட்டுச் சோத்தையும் போட்டு. அவர் பேர் திரிசிரபுரம் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

தேடி அலைஞ்சு படிச்சவர்

1815 ஏப்ரல் 6ஆம் தேதி, திருச்சி பக்கத்துல எண்ணெயூர்ங்கற கிராமத்துல பொறந்தார். அப்பா சிதம்பரம் பிள்ளை தமிழ் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார். முதல் பாடம் எல்லாம் அப்பாகிட்டதான். நிகண்டு, சதகம், அந்தாதின்னு சின்ன வயசுலயே மனப்பாடம். நிகண்டுன்னா அந்தக் காலத்து அகராதி. செய்யுள்லயே இருக்கும், நெட்டுருப் போடணும். அப்பா போனப்ப பையனுக்குப் பதினஞ்சு வயசுதான்.

அதுக்கு மேல படிக்க அவருக்குக் கல்லூரி கிடையாது. தமிழை மேல்படிப்பாச் சொல்லிக் கொடுக்கிற இடம்னு அப்போ இருந்தது மடங்களும் தனித்தனிப் புலவர்களும்தான். புத்தகமும் கடையில கிடைக்காது. ஏடு யார்கிட்ட இருக்கோ அவர்கிட்ட போய் நின்னு, அவர் மனசு இரங்கினா வாங்கி, கையாலேயே பிரதி எடுத்துக்கணும். பிள்ளை திருச்சிக்கு வந்து இப்படித்தான் அலைஞ்சார். உறையூர்ப் பக்கம் ஒருத்தர், திருவாவடுதுறையில ஒருத்தர், சென்னைக்குப் போய் காஞ்சிபுரம் சபாபதி முதலியார், திருத்தணிகை விசாகப்பெருமாளையர்னு பாடம் கேட்ட இடங்களோட பட்டியல் நீளமா இருக்கு.

இதுல ஒரு சம்பவம் என்னால மறக்கவே முடியல. அணி இலக்கணத்துக்கு முக்கியமான நூல் தண்டியலங்காரம். உவமை, உருவகம் மாதிரி விஷயங்களோட கையேடுன்னு வெச்சுக்கோங்க. திருச்சியில அதை நல்லாப் படிச்சவர் ஒரு பரதேசி. வீடு வீடாப் போய் பிச்சை எடுத்துச் சாப்பிடுறவர். யாருக்கும் சுலபமாச் சொல்லிக் கொடுக்க மாட்டார். பிள்ளை என்ன செஞ்சார்னா, அவர் பிச்சைக்குப் போறப்ப கூடவே தெருத்தெருவா நடந்தார். அவர் மனசு கோணாம பார்த்துக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா அந்த நூலைப் பாடம் கேட்டு முடிச்சார்.

யூடியூப்ல ரெண்டு நிமிஷ விளம்பரம் வந்தாலே பாடத்தை மூடிட்டுப் போற எனக்கு, இதைப் படிச்சப்ப கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு.

சொல்லச் சொல்ல எழுதணும்

இப்படிச் சேர்த்த படிப்போட அவர் பாட ஆரம்பிச்சார். மொத்தம் 90க்கும் மேற்பட்ட நூல்கள். அதுல இருபதுக்கும் மேல தலபுராணம், பத்துப் பிள்ளைத்தமிழ். சேக்கிழார் பிள்ளைத்தமிழ், நாகைக்காரோணப் புராணம், மாயூரப் புராணம், சீகாழிக் கோவை எல்லாம் அவர் செஞ்சதுதான். திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு மகாவித்வான்னு பட்டம் கொடுத்து, ஆதீன வித்வானாவும் வெச்சுக்கிச்சு.

தலபுராணம்னா ஒரு ஊர்க் கோயிலோட வரலாற்றைக் காப்பியம் மாதிரி விரிச்சுப் பாடுறது. நம்ம ஊருக்கு சைவ எல்லப்ப நாவலர் பாடின அருணாசல புராணம் இருக்கே, அந்த வகை. அப்போ ஊர்ப் பெரியவங்க, மடத்துக்காரங்க எல்லாம் தங்க ஊருக்கும் ஒரு புராணம் வேணும்னு புலவரைக் கூப்பிட்டுப் பாடச் சொல்வாங்க. இப்போ ஃப்ரீலான்ஸ் ப்ராஜெக்ட் எடுக்கிற மாதிரின்னு வெச்சுக்கலாம். முடிச்சதும் கோயில்ல சபை கூட்டி அரங்கேற்றம். ஒவ்வொரு பாட்டாப் படிச்சு அர்த்தம் சொல்லணும், யார் வேணா எழுந்து கேள்வி கேக்கலாம். வைவா மாதிரிதான், ஆனா நாள் கணக்குல, சில சமயம் மாசக் கணக்குல நடக்கும்.

பிள்ளை பெரும்பாலும் தன் கையால எழுத மாட்டார். அவர் சொல்லிக்கிட்டே போக, ஒரு மாணவர் பக்கத்துல உக்காந்து ஓலையில எழுத்தாணியால எழுதிக்கிட்டே போகணும். யோசிச்சு நிறுத்தறது, அடிச்சுத் திருத்தறது எல்லாம் ரொம்ப அபூர்வம். எழுதுறவருக்குத்தான் கை வலிக்கும்.

இங்கேதான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பிச்சது. அருணகிரிநாதருக்கு முருகன் கொடுத்த வரம் மாதிரியே தெரியுது இல்லையா? ஆனா இந்த மழை எங்கிருந்து வந்துச்சுன்னு நமக்குத் தெரியும். நிகண்டு மனப்பாடம், கையால எடுத்த பிரதிகள், பரதேசி பின்னாடி நடந்த தெருக்கள். எல்லாம் உள்ள போய் ஊறிக் கிடந்ததுதான் கேட்டதும் வெளியில வந்துச்சு.

மாயூரத்து வகுப்பறை

1860 வாக்குல பிள்ளை மாயூரத்துல குடியேறினார். இப்போ மயிலாடுதுறை. அங்க முன்சீப்பா இருந்த வேதநாயகம் பிள்ளை அவருக்கு நெருங்கின நண்பர். பின்னாடி 1879ல தமிழோட முதல் நாவல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டவர்.

பிள்ளையோட வீடுதான் வகுப்பு. யார் வந்தாலும் பாடம் உண்டு. சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். நாகூர் குலாம் காதிறு நாவலர் இஸ்லாமியர். தியாகராச செட்டியார் பின்னாடி கும்பகோணம் அரசுக் கல்லூரியில தமிழ்ப் பேராசிரியர் ஆனார். சாப்பாட்டு விஷயத்துல அந்தக் காலத்துச் சாதிக் கட்டுப்பாடு எல்லாம் அப்படியே இருந்துச்சு, பிராமண மாணவர்களுக்குச் சாப்பாடு தனி இடத்துல. ஆனா பாடத்துல பிரிவினை இல்ல.

1871ல ஒரு அப்பா தன் 16 வயசுப் பையனைக் கூட்டிக்கிட்டு அங்க வந்தார். பையன் பேர் வேங்கடராமன், வீட்டுல கூப்பிடுறது சாமிநாதன். பிள்ளை உடனே சேர்த்துக்கல. நிறைய பேர் வர்றாங்க, பாதியிலயே ஓடிப் போயிடறாங்கன்னு அவருக்கு ஒரு தயக்கம். நைடதத்துல ஒரு பாட்டைச் சொல்லச் சொல்லி, அர்த்தமும் கேட்டுப் பார்த்துட்டுத்தான் சேர்த்துக்கிட்டார். சாமிநாதன்ங்கற பேரே இருக்கட்டும்னு முடிவு பண்ணினவரும் அவர்தான். அந்தப் பையன்தான் நம்ம உ.வே.சா.

வகுப்புல என்ன நடந்துச்சு? முதல்ல படிக்கணும். நிறைய படிக்கணும். ஆரம்பத்துல அந்தாதி, பிள்ளைத்தமிழ் வகைகள். நம்ம பசங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். அந்தாதியில ஒரு பாட்டு முடியற சொல்லுலதான் அடுத்த பாட்டு தொடங்கணும், லிங்க்டு லிஸ்ட் மாதிரி. அதுலயே திரிபு அந்தாதின்னு ஒண்ணு இருக்கு. நாலு அடியோட தொடக்கத்துலயும் முதல் எழுத்து மட்டும்தான் மாறும், அடுத்த எழுத்துகள் எல்லாம் அப்படியே திரும்ப வரும், ஆனா ஒவ்வொரு அடியிலயும் அர்த்தம் வேற. கட்டளைக் கலித்துறைன்னு ஒரு பா வகை. நேரசையில தொடங்கினா அடிக்கு 16 எழுத்து, நிரையசையில தொடங்கினா 17, புள்ளி வெச்ச எழுத்தைக் கணக்குல சேர்க்கக் கூடாது. ஒரு எழுத்து கூடினாலும் குறைஞ்சாலும் காது உடனே எரர் காட்டிடும்.

படிச்சதுக்கு அப்புறம் பாடணும். மாணவர்கள் செஞ்ச பாட்டை ஆசிரியர் கேட்பார், திருத்துவார். அவர் புது நூல் சொல்றப்ப பக்கத்துல உக்காந்து எழுதறதே பெரிய பாடம். ஒரு பாட்டு எப்படி உருவாகுதுன்னு கண்ணு முன்னாடி பார்க்கலாம். 1873ல திருப்பெருந்துறைப் புராணம் அரங்கேற்றத்துல பாட்டுகளைப் படிச்சது உ.வே.சா.தான். இப்போ இதுக்கு இன்டர்ன்ஷிப்னு பேர்.

இன்னொரு விஷயம். பிள்ளைக்கு மரம், செடின்னா உயிர். மாயூரம் வீட்டுத் தோட்டத்துல மரம் வெச்சு, தினமும் காலையில போய் எங்கெல்லாம் புதுத் தளிர் விட்டிருக்குன்னு பார்ப்பார். உ.வே.சா. இதைக் கவனிச்சுட்டார். ஆசிரியர் எழுந்து வர்றதுக்கு முன்னாடியே விடியற்காலையில போய்ப் பார்த்து வெச்சுக்கிட்டு, அவர் வந்ததும் இதோ இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு காட்டுவார். ஆசிரியருக்கு ஒரே சந்தோஷம். அப்படியே பேச்சு பாடத்துக்குப் போயிடும். வாத்தியாரைக் கரெக்ட் பண்ற வேலை இன்னைக்கு நேத்து வந்தது இல்ல மக்களே!

அவருக்கும் சறுக்கின இடங்கள்

பெரிய ஆளுன்னு எல்லாத்தையும் சரின்னு சொல்லிட முடியாது. ரெண்டு விஷயம் சொல்றேன்.

மாயூரத்துலயே இருந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடினவர். உ.வே.சா. கொஞ்ச நாள் அவர்கிட்ட சங்கீதம் கத்துக்கிட்டார். பிள்ளைக்குத் தெரிஞ்சதும் பிடிக்கல. சங்கீதத்துல மனசு போனா இலக்கியத்துல ஆழம் வராதுங்கறது அவர் எண்ணம். உ.வே.சா. நிறுத்திட்டார். படைப்பாற்றல் பத்தி இப்போ யார் பேசினாலும் நாலு துறை கலந்தாத்தான் புதுசா வரும்னு சொல்றாங்க. பிள்ளை அதுக்கு நேர் எதிர்.

ரெண்டாவது, அதே பாரதியார் தன் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு வந்தார். நூலைப் பாராட்டி முன்னாடி போடற பாட்டு அது. அந்தக் கீர்த்தனையில இலக்கணப் பிழைகள் இருக்குன்னு பிள்ளை தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தார். பாரதியார் பல தடவை வந்து வந்து திரும்பினார். ஒரு நாள் மத்தியானம் பிள்ளை உள்ள படுத்திருக்க, பாரதியார் வெளியில உக்காந்து தன் கீர்த்தனைகளைத் தனக்குத்தானே பாடிக்கிட்டிருந்தார். உள்ள கேட்டுக்கிட்டே இருந்த பிள்ளைக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எழுந்து வந்து பாயிரம் பாடிக் கொடுத்தார்.

எனக்கு இந்த ரெண்டாவது சம்பவம் ரொம்ப முக்கியம். வாழ்நாள் முழுக்க விதிகளைச் சொல்லிக் கொடுத்த ஒருத்தர், விதியை மீறின ஒரு பாட்டுக்கு முன்னாடி தன் மதிப்பீட்டை மாத்திக்கிட்டார். ரூப்ரிக் போட்டு மார்க் போடறவங்களுக்கு இது அவ்வளவு சுலபம் இல்ல.

கடனும் கடைசி நாளும்

இவ்வளவு பெரிய புலவர் வீட்டுல காசு நிக்கவே இல்ல. வந்தது எல்லாம் மாணவர்கள் சாப்பாட்டுக்கும் வீட்டுச் செலவுக்கும் போச்சு. ஒரு நாள் காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க உக்காந்தவருக்கு வீட்டுல எண்ணெய் இல்ல. கடனைத் தீர்க்கத்தான் திருப்பெருந்துறைப் புராணம் மாதிரி வேலைகளை அவர் ஒத்துக்கிட்டதே. தீரல. உடம்பும் தளர்ந்துடுச்சு.

1876 பிப்ரவரி 1ஆம் தேதி திருவாவடுதுறையில இறந்தார். வயசு 60. கடைசி நேரத்துல சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கிப் பிடிச்சிருக்க, உ.வே.சா. திருவாசகம் படிச்சார். ஒரு கிறிஸ்தவ மாணவர் மார்புல சாஞ்சு, இன்னொரு மாணவர் குரல்ல திருவாசகம் கேட்டுக்கிட்டே போனார். அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போயிட்டேன்.

அந்தப் படிப்பு எங்க போச்சு?

1880ல தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றப்ப, கும்பகோணம் கல்லூரியில அவர் இடத்துக்கு உ.வே.சா. வந்தார். மாசச் சம்பளம் 50 ரூபாய். அதே வருஷம் சேலம் இராமசாமி முதலியார்னு ஒரு முன்சீப்பைப் பார்க்கப் போனார். என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு கேட்டதும் உ.வே.சா. அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம்னு அடுக்கினார். முதலியார் அசரவே இல்ல. சீவக சிந்தாமணி படிச்சதுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை பார்த்ததுண்டான்னு கேட்டார். இல்ல. ஆசிரியரே அதையெல்லாம் பாடம் சொன்னது கிடையாது.

நல்லா யோசிச்சுப் பாருங்க. அஞ்சு வருஷம் தவம் மாதிரி படிச்ச படிப்புல, தமிழோட பெரிய பெரிய நூல்களே சிலபஸ்ல இல்ல!

ஆனா அடுத்து நடந்ததுதான் என் பதில். ஏடுகள்ல புள்ளி இருக்காது. எ, ஏ ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். அடி பிரிக்காம, பாட்டை உரைநடை மாதிரி ஒரே ஓட்டமா எழுதியிருப்பாங்க. பூச்சி அரிச்ச இடம், பிரதி எடுத்தவர் விட்ட எழுத்து வேற. இதுல எது அடி, எங்க சொல் பிரியுது, எங்க எழுத்து விட்டுப் போச்சுன்னு கண்டுபிடிக்க அகராதி மட்டும் போதாது. ஆயிரக்கணக்கான பாட்டு கேட்டு, எழுதி, தானும் பாடிப் பழகின காது வேணும். அந்தக் காது உ.வே.சா.வுக்கு மாயூரத்துல கிடைச்சது. 1887ல சீவக சிந்தாமணி, 1889ல பத்துப்பாட்டு, 1892ல சிலப்பதிகாரம், 1894ல புறநானூறு, 1898ல மணிமேகலைன்னு வரிசையா அச்சுக்கு வந்துச்சு.

பிள்ளை கவிஞர்களை உருவாக்கத்தான் வகுப்பு நடத்தினார். அவரோட தலைசிறந்த மாணவரை இன்னைக்கு யாரும் கவிஞர்னு சொல்றது இல்ல. பதிப்பாசிரியர்னுதான் சொல்றோம். பிள்ளையோட 90 நூல்களைப் படிக்கிறவங்களும் ரொம்பக் கம்மி. ஆனா அவர் பழக்கின காது இல்லைன்னா, நாம பள்ளிக்கூடத்துல படிச்ச கண்ணகி கதை நம்ம கைக்கு எப்போ வந்திருக்கும்னு தெரியாது.

சரி, சண்டைக்கு வர்றேன்

அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துல எழுத்தாளர் பட்டறை ஆரம்பிச்சது 1936ல. உலகம் முழுக்க இருக்கிற படைப்பெழுத்துப் படிப்புகளுக்கு அதுதான் முன்மாதிரின்னு சொல்வாங்க. எழுதினதைக் கொண்டு வந்து படிக்கணும், ஆசிரியரும் சக மாணவர்களும் சுத்தி உக்காந்து அலசுவாங்க. நம்ம நாட்டுலயும் இக்னோவுல அஞ்சல் வழியா ஆங்கிலப் படைப்பெழுத்து டிப்ளமோ இருக்கு. பிள்ளை இறந்து சரியா 60 வருஷம் கழிச்சுத்தான் அயோவா பட்டறை வந்துச்சு. நாமதான் முதல்னு மார்தட்டிக்கிறதுக்காக இதைச் சொல்லல. அங்க தன் அனுபவத்தை எழுதச் சொல்றாங்க, இங்க மரபை எழுதச் சொன்னாங்க. ரெண்டும் வேற வேற. ஆனா படி, எழுது, படிச்சுக் காட்டு, திருத்து, திரும்ப எழுதுங்கற சுழற்சி ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.

நண்பனுக்கு என் பதில் இதுதான். முருகன் எப்போ தாங்கிப் பிடிப்பார்னு யாராலயும் டைம்டேபிள் போட முடியாது, ஒத்துக்கறேன். காதைப் பழக்கலாம், கையைப் பழக்கலாம். இந்த ரெண்டுக்கும் வாத்தியார் உண்டு, வகுப்பு உண்டு. பழகின காது கடைசியில கவிதைக்குத்தான் போகணும்னு கட்டாயமும் இல்ல.

எனக்கு பிளேஸ்மென்ட் கிடைச்சாச்சு. ஜூலையில சேரணும். எழுத்துப் படிக்கப் போறேன்னு அம்மாகிட்ட பேச்சை எடுத்தப்ப, அதைப் படிச்சு என்னப்பா பண்ணுவேன்னு கேட்டாங்க. அன்னைக்கு என்கிட்ட பதில் இல்ல. இப்பவும் முழு பதில் இல்ல. வேலையில சேரத்தான் போறேன். ஆனா இந்தக் கட்டுரையை அனுப்பறதுக்கு முன்னாடி, கிரிவலத்துல சண்டை போட்ட அதே நாலு பேரையும் ரூமுக்குக் கூப்பிட்டு சத்தமாப் படிச்சுக் காட்டினேன். மூணு பத்தியைத் தூக்கச் சொன்னாங்க. ரெண்டைத் தூக்கிட்டேன். மூணாவது, அந்தத் தளிர் பத்தி. அதை மட்டும் விட மனசு வரல.

இனிமே ஒவ்வொரு பௌர்ணமிக்கும் முந்தின நாள் சாயங்காலம் நாங்க அஞ்சு பேரும் இப்படி உக்காரப் போறோம். எழுதினது எதுவா இருந்தாலும் கொண்டு வாங்க, கதை, கவிதை, லேப் ரெக்கார்டுல பின்பக்கம் கிறுக்கினது, எதுவானாலும். கட்டணம் இல்ல. எண்ணெயும் சோறும் நம்ம செலவு இல்ல, சுக்கு காபி மட்டும்!